பெரம்பலூர்க் கடற்கரையில் ஒரு நடை

பெரம்பலூரில் கடற்கரை இருக்கிறது என்று சொன்னால் நகைக்காதவர் இரார். வங்கக் கடல் அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் புன்செய்ப் பூமி அது. வானம் பார்த்து வாழும் மக்கள் அவர்கள். ஆயினும் அங்கே ஒரு கடற்கரை உண்டு. செங்குத்தான ஏற்றம் இல்லை, நீண்ட பயணம் இல்லை. வயது முதிர்ந்தவரும் சிறுவரும் ஒரு காலைப் பொழுதில் நடந்து பார்த்துத் திரும்பிவிடலாம். அது ஒரு தீவின் கரை. அந்தத் தீவைத்தான் இன்று நாம் இந்தியா என்கிறோம்.

நாம் அங்கே சென்றது ஒரு மாசி மாதக் காலையில். கொளக்காநத்தத்தைத் தாண்டிக் காரை என்னும் சிற்றூரை அடைந்தால், வயல்கள் திடீரென்று முடிந்துபோகின்றன. அதற்கப்பால் மரமற்ற, மேடும் பள்ளமுமான களிமண் நிலம். ஆண்டாண்டு மழை அதை ஆயிரம் ஓடைகளாகக் கீறிவிட்டிருக்கிறது. சாம்பல் நிறமும் செம்பழுப்பும் மாறிமாறி வரும் அந்த மடிப்புகளுக்கிடையே ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லுகளைப் போல் மின்னுகின்றன. மழை பெய்த மறுநாள் கால் வழுக்கும். மற்ற நாட்களில் நடப்பதற்கு எளிய இடம். நிழல் மட்டும் கிடையாது. தண்ணீரை உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

குனிந்து பார்த்து நடக்கத் தெரிந்தவருக்கு அந்த மண் பேசத் தொடங்கும். துப்பாக்கிக் குண்டைப் போன்ற கூர்மையான பழுப்புக் கற்கள் காலடியில் கிடக்கின்றன. அவை கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட் என்னும் கடல் உயிரின் உள்ளோடுகள். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் சுருண்டவை அம்மோனைட்டுகள். சுறாவின் பற்களும் இம்மண்ணில் கிடைத்திருக்கின்றன. இவையனைத்தும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்ந்த சேற்றில் அடங்கிய உயிர்களின் எச்சங்கள். நம் செருப்பின் கீழ் நொறுங்கும் களிமண் அன்று கடலின் அடித்தரை.

அந்தக் கடல் எங்கிருந்து வந்தது? நம் கீழைக் கரை ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிணைப்பு விட்டு, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே துண்டாக விலகத் தொடங்கின. விரிந்த பிளவில் கடல் புகுந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் பிரிந்தது. தனித்த தீவாகி வடக்கு நோக்கி நகர்ந்த இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி இமயத்தை எழுப்பிற்று. அந்த நெடும்பயணத்தின்போது கடல் இத்தீவின் கிழக்கு விளிம்பில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவ்வாறு அது ஏறி நின்ற இடங்களுள் ஒன்றுதான் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ச் சீமை.

வறண்ட நிலத்தில் கிடக்கும் சிப்பியைக் கண்டு, இங்கே கடல் இருந்தது என்று துணிந்து சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரம் நம் முன்னோருக்கு இருந்தது. அறிஞர் அல்பிரூனி ஹிஜ்ரி 416-இல், அதாவது 1025-ஆம் ஆண்டளவில், கஸ்னாவில் முடித்த நூலொன்றில் அரபுப் பாலைவனம் முன்பு கடலாயிருந்தது என்கிறார். கிணறு தோண்டும்போது வெளிவரும் கற்களை உடைத்தால் உள்ளே சிப்பிகள் இருப்பதை அவர் சான்றாகக் காட்டுகிறார். சில ஆண்டுகள் கழித்து இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூலிலும் அவர் இதே கண்ணோடு பார்க்கிறார். மலையடிவாரத்தில் பெருங்கற்கள், தொலைவு செல்லச் செல்லச் சிறு கற்கள், ஆற்று முகத்தில் மணல்; ஆகவே இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்பது அவர் முடிபு. அவர் காலத்தவரான இப்னு ஸீனாவும், கல்லுக்குள் நீர்வாழ் உயிர்களின் உறுப்புகள் காணப்படுவதை எடுத்துக்காட்டி, அவை கல்லாக மாறிய வகையை விளக்க முயன்றார்.

அல்பிரூனி அந்த வரிகளை எழுதிய அதே காலத்தில், அரியலூர்ச் சீமையின் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது கப்பற்படையை ஏவினான். அதுவும் 1025-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. கடல் கடந்து வெற்றி கண்ட அம்மன்னனின் தலைநகருக்கு மேற்கே, ஒருநாள் பயணத் தொலைவில், அதைவிடப் பல மடங்கு பழைய கடல் மண்ணுக்கடியில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப இன்னும் 800 ஆண்டுகள் ஆயின.

1840-களின் தொடக்கத்தில் சென்னை அரசுப் பணியிலிருந்த கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லான சிப்பிகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை 1846-இல் வந்தது. அடுத்து வந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகப் பெயர் பெற்றவர் அவரே. 1862-இல் வெளியான அவரது ஆய்வுரை, இந்தப் பாறைகளைப் பழைமை வரிசையில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தது. சிற்றூரின் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் ஏறியது அன்று முதல்தான். பிளான்ஃபோர்ட் தொடங்கிய உயிரெச்ச விளக்கத்தை முடித்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கடலுயிர்களைப் பற்றிய அவர் நூல்வரிசை 1873-இல் நிறைவுற்றது. மறு ஆண்டே யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயர்ந்த மலைப்பாதையில் அவர் உயிர் நீத்தார். அவர் நினைவுச்சின்னம் லே நகரில் இருக்கிறது.

இனி, காரையிலிருந்து கிழக்கே செல்வோம். இந்தப் பாறைகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. மேற்கே பழைமையான கருங்கல் நிலம். அதன்மீது சாய்ந்த முதல் படுகை ஊட்டத்தூர்ப் பக்கம். கிழக்கே செல்லச் செல்லப் படுகைகள் இளையவை. ஆகவே இங்கே கிழக்கு நோக்கி நடப்பவன் ஒவ்வோர் அடியிலும் காலத்தில் முன்னேறுகிறான். நூலின் ஏடுகளைப் புரட்டுவதுபோல் ஊர்களைக் கடந்து செல்லலாம்.

அடுத்த ஏடு சாத்தனூர். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று அங்கே கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரான தமிழர். ஊசியிலை இனத்தைச் சேர்ந்த அந்த மரம் தீவின் உள்நாட்டில் வளர்ந்து, வெள்ளத்தில் மிதந்து வந்து கடலோரச் சேற்றில் புதைந்தது. மரத்தின் ஒவ்வோர் அணுவுக்கும் மாற்றாகச் சிலிக்கா நிறைந்து, வடிவம் அப்படியே நின்றுவிட்டது. கடல் அங்கே இருந்தது என்று காரை சொல்கிறது. கரையும் அருகே இருந்தது என்று சாத்தனூர் சொல்கிறது. இன்று அது கல்மரப் பூங்காவாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது.

அதற்கும் கிழக்கே அரியலூர். கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் கடற்சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிச் சுண்ணாம்புப் பாறையாக நிற்கின்றன. சிமெண்டுத் தொழிலை இச்சீமைக்குக் கொணர்ந்தவை இந்தச் சிப்பிகளே. டால்மியாபுரத்தில் 1939-இல் ஆலை எழுந்தது. அரசின் அரியலூர் ஆலை 1979-இல் தொடங்கிற்று. மேலும் பல ஆலைகள் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டின் எத்தனையோ வீட்டுச் சுவர்களிலும், பள்ளிவாசல் மனாராக்களிலும், ஆற்றுப் பாலங்களிலும் அந்தப் பழங்கடல் கலந்திருக்கிறது.

அப்பாலுள்ள கள்ளமேட்டில் கடல் பின்வாங்கிவிட்டது. ஆறு கொணர்ந்த மணலும் களியும் அங்கே படிந்துள்ளன. அவற்றில் டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. நிணியூர்ப் பாறைகளிலோ கடல் மீண்டும் வருகிறது. ஆனால் அம்மோனைட்டுகள் இல்லை. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் நேர்ந்த பேரழிவு இவ்விரு ஊர்களின் இடைவெளியில் அடங்கிவிட்டது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இத்தனையும் கடந்துவிடும் வாய்ப்பு உலகில் சில இடங்களுக்கே உண்டு.

கள்ளமேட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987-இல் அவ்விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது பொருள். அதன் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த தரைவிலங்குகளுள் அதுவே மிகப் பெரியதாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் அதை இன்று எவரும் அளந்து பார்க்க முடியாது. எலும்புகள் தோண்டும்போதே உதிரத் தொடங்கி, ஆய்வு நிலையத்தைச் சேருமுன் பொடியாய்ப் போயின. 2017-இல் வெளிவந்த ஆய்வுரை ஒன்றில் அய்யாசாமியே இதைப் பதிவு செய்திருக்கிறார். எஞ்சியவை வரைபடங்களும் சில மங்கிய நிழற்படங்களுமே. அறிஞர்கள் அவற்றைக் கொண்டு வழக்காடி வருகின்றனர்.

அது மனிதர் கைமீறிய இழப்பு. நம் கையால் நேரும் இழப்பு வேறு. காரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம் அருகே வந்து, "என்னங்க தேடறீங்க, கல்லா?" என்றார். ஆமென்றோம். "முன்னேயெல்லாம் ஒரு மழை பெஞ்சா கூடை கூடையா வெளியே வரும். இப்ப பஸ்ஸுல வர்றவங்க சாக்குல கட்டிக்கிட்டுப் போறாங்க" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. மழை குறைந்துவிட்டது என்று சொல்வதைப் போலவே அதையும் சொன்னார்.

நமக்கு நாணமாயிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்திலிருந்து நாம் எடுத்து வந்த பெலம்னைட் ஒன்று நம் எழுதுமேசைமீது தாள் பறக்காமலிருக்கக் கிடக்கிறது. எந்த ஓடையில், எந்தப் படுகையில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று நாம் குறித்து வைக்கவில்லை. நபிமொழி ஆராய்ச்சியில் ஒரு செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் அதன் அறிவிப்பாளர் தொடர் அறுந்திருந்தால் அதற்கு உரிய மதிப்பு இல்லை என்பதை வாசகர் அறிவர். கல்லுக்கும் அதுவே விதி. அது கிடந்த படுகைதான் அதன் இஸ்னாது. படுகையிலிருந்து பிரித்துவிட்ட கல் நல்லதோர் அலங்காரம். ஆனால் சாட்சி சொல்லும் தகுதியை அது இழந்துவிட்டது. இப்போது கொண்டுபோய்த் திரும்பப் போட்டாலும் அறுந்த தொடர் இணையாது.

அறியாமையின் மறுபக்கத்தையும் கண்டிருக்கிறோம். 2020-இல் குன்னத்தின் அருகே உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்று நாடெங்கும் செய்தி பறந்தது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிக் கனிமம் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று புவியியல் அறிஞர்கள் பின்னர் விளக்கினர். முட்டை என்றபோது திரண்ட கூட்டம், கடற்கல் என்றதும் கலைந்தது. பெரம்பலூரில் கடல் இருந்தது என்பது முட்டையைவிடக் குறைந்த வியப்பா?

சிமெண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அத்தொழிலை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. பாறையின் உட்புறத்தைப் புவியியலாருக்குத் திறந்து காட்டியவையும் சுரங்கங்களே. நாம் கேட்பது சிறிது. வெட்டுமுன் அறிந்தவர் ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். காரையின் ஓடைநிலத்தில் ஒரு பகுதியேனும், சாத்தனூர் மரத்தைப் போல, தீண்டப்படாமல் நிற்கட்டும். இத்தகைய இடங்களைக் காப்பதற்கான சட்ட வரைவு ஒன்றை ஒன்றிய அரசு 2022-இல் வெளியிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்யும்போது செய்யட்டும்; அதற்குள் ஆலத்தூரிலும் குன்னத்திலும் செந்துறையிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊர் வரலாறு சோழனுக்கும் முன்னால், 10 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் தொடங்குகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் காரைக்குச் செல்லுங்கள். காலையிலேயே செல்லுங்கள். குனிந்து பாருங்கள்; எடுத்துப் பாருங்கள்; குழந்தையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். பிறகு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.