ஆட்டிசமும் கதைசொல்லலில் சொல்லாட்சியும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கதை சொல்லும்போது எந்தச் சொற்களை எடுக்கிறார்கள், எவற்றை விடுகிறார்கள் என்பதை ஆராய்வது குழந்தை மொழியியலின் ஒரு பகுதி. சரளமாகப் பேசும் குழந்தைகளிடம் குறைவது சொற்சேமிப்பு அன்று. கதைமாந்தரின் மனத்தையும் நிகழ்ச்சியின் காரணத்தையும் இணைக்கும் சொற்களே.

பால்டிமோர் மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே சொல்லாட்சிக்குப் பெரிய இடம் உண்டு. அவர்களில் எட்டுப் பேர் பேசக் கற்றிருந்தனர். கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வதால் 'நான்', 'நீ' இடம் மாறுவதை அவர் கவனித்தார். பால் வேண்டும் குழந்தை, 'உனக்குப் பால் வேணுமா?' என்று தாயின் சொல்லையே சொல்லும். இது பழுதுபட்ட இலக்கணம் அன்று, அப்படியே எடுத்தாண்ட வாக்கியம்.

கதை பின்னரே ஆய்வுக் கருவியானது. 1986-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்லச் செய்தனர். பொருள்களின் இயக்கத்தால் நடக்கும் கதைகளை ஆட்டிசக் குழந்தைகள் நன்றாகவே அடுக்கினர். ஒருவர் தவறாக நம்புவதால் நடக்கும் கதைகளில் தடுமாறினர், 'நினைத்தான்' போன்ற சொற்களையும் அரிதாகவே பயன்படுத்தினர்.

பின்வந்த ஆய்வுகளில் மெர்சர் மேயர் 1969-இல் வெளியிட்ட, சொற்களற்ற தவளைப் படக்கதை மிகுதியாகப் பயன்பட்டது. அதில் காணாமற்போன தவளையைத் தேடும் சிறுவன், மானின் கொம்பைக் கிளை என்று எண்ணிப் பிடித்து, கீழே விழுகிறான். அந்த 'எண்ணி' இல்லையேல் மான் வருவதும் சிறுவன் விழுவதும் தனித்தனிச் செய்திகள். 1995-இல் ஹெலன் டேகர்-ஃபிளஸ்பெர்க் ஆராய்ந்த ஆட்டிசக் குழந்தைகளின் கதைகள் குறுகியவை, காரணம் கூறாதவை. மொழித்திறன் ஒத்த, ஆட்டிசம் இல்லாத குழந்தைகளுடன் ஒப்பிட்டால் உணர்ச்சிச் சொற்களின் எண்ணிக்கையில் வேறுபாடு சுருங்குகிறது. 'அழுதான்' என்பது வருகிறது, 'தவளையைக் காணாததால்' என்பது வருவதில்லை.

மொத்தச் சொற்களில் வெவ்வேறு சொற்களின் விகிதத்தைக் கொண்டு சொல்வளத்தை அளப்பது ஏமாற்றும். கதை நீள நீள 'சிறுவன்', 'நாய்' திரும்பத் திரும்ப வரும். விகிதம் தானே இறங்கும். சுருக்கமாகச் சொன்ன குழந்தையே வளமுடையதாகத் தோன்றிவிடும்.

இத்தகைய ஆய்வுகளுக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் சிறுவர்களே. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள இருபாலரும் மற்றக் குழந்தைகளைவிடப் பெயர்ச்சொற்களை மிகுதியாகப் பயன்படுத்தினர். சிந்தனையைக் குறிக்கும் சொற்களில் சிறுமியர், ஆட்டிசம் இல்லாத சிறுமியரை ஒத்திருந்தனர்.