கித்துல்கலைப் பாலமும் ஒஸ்கார் பரிசும்



அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கிச் செல்லும் வீதியிலே, களனி கங்கை கற்பாறைகளுக்கிடையே இரைந்து பாயும் ஓரிடத்தில், கித்துல்கல என்னும் சிற்றூர் இருக்கின்றது. ஆற்றங்கரைக்கு இறங்கிச் செல்பவர்கள் அங்கே பழைய கொங்கிறீற்று அத்திவாரங்கள் சிலவற்றைக் காண்பார்கள். 1957 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்விடத்தில் நின்ற பெரிய மரப்பாலம் ஒன்று, அதன்மீது ஓடிவந்த புகைவண்டியோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்நாளைய பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அதனைப் பார்க்க வந்திருந்தார். 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காக நிகழ்ந்த காட்சி அது. மறு வருடம், 1958 மார்ச் 26 ஆம் திகதி, அப்படம் ஹொலிவூட்டிலே ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

அவ்வேழனுள் ஒரு பரிசைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அது திரைக்கதைக்குரிய பரிசு. திரைக்கதையை எழுதாத ஒருவருக்கு அது வழங்கப்பட்டது. எழுதியவர்கள் இருவர் பெயரற்றவர்களாய் ஒதுங்கியிருந்தார்கள்.

சினிமாப் பரிசுகளைப் பற்றி விவாதம் எழும்போது நட்சத்திரங்களின் போலித்தனத்தைப் பற்றிய பேச்சும் கூடவே எழுகின்றது. பொன்னும் பட்டும் அணிந்து மேடையேறி ஏழைகளுக்காகக் கண்ணீர் விடுகின்றார்களே என்பார் சிலர். கையில் பரிசு வந்ததும் உலகுக்கு உபதேசம் செய்யத் தொடங்குகின்றார்களே என்பார் வேறு சிலர். இவை பொய்யல்ல, ஆயினும் சிறிய குறைகள். மேடையில் உதிர்ந்த கண்ணீர் மெய்யோ பொய்யோ என்று அளந்தறிவார் யாருமில்லை. ஆனால் பரிசுப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர் மெய்யோ பொய்யோ என்று அறிவதற்கு வழியுண்டு. சரித்திர மாணவன் கவனிக்க வேண்டிய போலித்தனம் அதுவே.

ஒஸ்கார் பரிசை வழங்கும் கழகம் 1927 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதனை அமைப்பதில் முன்னின்றவர் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் அதிகாரியாகிய லூயி பி. மேயர். அதற்கு முந்திய வருட இறுதியில், படப்பிடிப்பு நிலையத் தச்சர், மின்சாரத் தொழிலாளர் முதலியோரின் தொழிற்சங்கங்களோடு முதலாளிமார் ஓர் உடன்படிக்கை செய்யவேண்டி வந்தது. நடிகரும் எழுத்தாளரும் நெறியாளரும் அவ்வழியே சங்கம் அமைத்துவிடாதபடி, முதலாளியும் கலைஞரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கழகம் ஒன்று இருந்தால் நல்லதென்று மேயர் எண்ணினார். பரிசு வழங்குதல் அதன் தலையாய நோக்கமாக இருக்கவில்லை. முதலாவது விழா 1929 மே 16 ஆம் திகதி ரூஸ்வெல்ட் ஹோட்டலில் ஓர் இராப்போசனத்தோடு நடைபெற்றது. பரிசு பெறுவோர் யாரென்பது மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தமையால், வழங்கும் வேலை ஏறக்குறையப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிட்டது. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள் பலவற்றை நடத்தியவன் என்ற முறையில் அந்தப் பதினைந்து நிமிடங்களின்மீது எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

கழகத்தின் பிறப்பிலேயே இருந்த இந்த நோக்கத்தை எழுத்தாளர் சிலர் விரைவில் கண்டுகொண்டார்கள். 1936 இல் 'த இன்போமர்' படத்தின் திரைக்கதைக்குப் பரிசு பெற்ற டட்லி நிக்கல்ஸ் அதனை ஏற்க மறுத்தார். எழுத்தாளர் சங்கத்தோடு கழகம் பகைத்து நின்ற காலம் அது. ஒஸ்கார் வேண்டாமென்று சொன்ன முதல் மனிதர் அவர்தாம். 1940 பெப்ரவரியில் 'கோன் வித் த விண்ட்' படத்துக்காகத் துணைநடிகைப் பரிசு பெற்ற ஹற்றி மக்டானியேலின் கதையும் பலர் அறிந்ததே. பரிசு பெற்ற முதலாவது கறுப்பின நடிகை அவர். அவரை வாழ்த்திக் கைதட்டிய அதே மண்டபத்தில், படத்தின் ஏனைய நடிகர்களோடு சேர்த்து இருத்தாமல், ஒதுக்குப்புறமான சிறு மேசை ஒன்றில் அவரை இருத்தினார்கள்.

எனினும் போலித்தனம் ஒரு சட்டவிதியாகவே எழுதப்பட்டது பின்னர்தான். 1947 ஒக்ரோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு ஒன்று, படவுலகில் கம்யூனிஸ்டுகள் உளரா என்று ஆராயத் தொடங்கியது. குழுவின் கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்த எழுத்தாளர், நெறியாளர் பதின்மர் சபையை அவமதித்தவர்களெனக் குற்றஞ் சாட்டப்பட்டனர். நவம்பரில் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றிற் கூடிய பட முதலாளிகள், இப்பதின்மருக்கும் வேலை கொடுப்பதில்லையென்று தீர்மானித்தார்கள். கறுப்புப் பட்டியலின் தோற்றம் இது. பதின்மருக்கும் பின்னர் சிறைத் தண்டனை கிடைத்தது.

நட்சத்திரங்கள் அப்பொழுது என்ன செய்தார்கள்? முதலில், பாராட்டத்தக்க ஒரு காரியம் செய்தார்கள். ஹம்பிரி போகார்ட், அவருடைய மனைவி லோரன் பக்கோல், நெறியாளர் ஜோன் ஹியூஸ்டன் முதலிய பலர் விமானமேறி வாஷிங்டன் சென்று, கருத்துச் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் படம் எடுத்தன. சில வாரங்கள் சென்றன. முதலாளிகளின் முகம் மாறியதும், போகார்ட் அந்தப் பயணம் யோசனையற்றதென்று அறிக்கை விட்டார். 1948 இல் சினிமாச் சஞ்சிகை ஒன்றில் தாம் கம்யூனிஸ்ட் அல்லரென்று கட்டுரையும் எழுதினார். அவரைக் கோழையென்று நான் கூறமாட்டேன். வருமானமும் புகழும் உள்ளவனுக்கு இழப்பதற்கு அதிகம் உண்டு. ஆனால் புகைப்படம் எடுக்கும்போது மாத்திரம் துணிவு இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பட்டியலில் விழுந்த எழுத்தாளர்கள் எழுதுவதை நிறுத்தினார்களா? இல்லை. பெயரைத்தான் நிறுத்தினார்கள். புனைபெயரிலோ நண்பர் ஒருவரின் பெயரிலோ கதை எழுதிக் கொடுத்தார்கள். தேசத் துரோகிகளென்று பகலில் ஏசிய முதலாளிகள் சிலர், இரவில் அவர்களிடமே குறைந்த விலைக்குக் கதை வாங்கினார்கள். பதின்மருள் ஒருவராகிய டோல்டன் ட்ரம்போ, சிறைக்குமுன் ஹொலிவூட்டில் மிக அதிகமான சம்பளம் பெற்ற எழுத்தாளர்களுள் ஒருவர். சிறைமீண்டபின் அற்ப தொகைக்கு எழுதினார். 'ரோமன் ஹொலிடே' படத்தின் மூலக்கதை அவருடையது. 1954 இல் அதற்குக் கிடைத்த ஒஸ்கார், பெயரை இரவல் கொடுத்த இயன் மக்லெலன் ஹன்டருக்குப் போயிற்று.

1957 பெப்ரவரியில் கழகம் ஒரு விதி செய்தது. கம்யூனிஸ்ட் கட்சி அங்கத்தவரும், விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்தவரும் பரிசுக்குத் தகுதியற்றவர் என்பது அது. அதற்கு உடனடியாக இரையானவர் மைக்கல் வில்சன். அவர் எழுதிய 'பிரெண்ட்லி பெர்சுவேஷன்' படத்தின் எழுத்துப் பட்டியலில் திரைக்கதை எழுதியவர் யாரென்ற வரியே இருக்கவில்லை. திரைக்கதை பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எழுதியவரோ தகுதியற்றவர் என்று குறிக்கப்பட்டார். எழுத்து நன்று, எழுதிய கை தீது என்பது தீர்ப்பு.

விதி செய்து இரண்டு மாதம் ஆகவில்லை. கித்துல்கலையிற் பாலம் தகர்ந்த அதே மார்ச் மாதத்தின் இறுதியில் நடந்த விழாவில், 'த பிரேவ் வன்' என்ற படத்தின் மூலக்கதைக்காக றொபேர்ட் ரிச் என்பவர் பெயர் அழைக்கப்பட்டது. அவர் வரவில்லை. மனைவிக்குப் பிரசவ வேளையென்று கூறி, எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் ஒருவர் மேடையேறிப் பரிசை வாங்கினார். மறுநாள் பத்திரிகைக்காரர் ரிச்சைத் தேடிப் புறப்பட்டார்கள். அப்படி ஓர் எழுத்தாளர் எங்கும் இல்லை! அந்தப் பெயருக்குள் மறைந்திருந்தவர் ட்ரம்போ. கழகம் முன்வாசலை அடைத்திருந்தது. அவரோ பின்வாசலால் வந்து விருந்துண்டு போய்விட்டார்.

இனிக் குவாய் நதிப் பாலத்துக்கு வருவோம். மூலநாவலை 1952 இல் எழுதியவர் பிரெஞ்சு ஆசிரியர் பியேர் பூல். மலாயா இறப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த அனுபவமுடையவர். நாவலைத் திரைக்கதையாக்கியவர்களோ அமெரிக்கர் இருவர். ஒருவர், விசாரணைக் குழுவுக்குப் பிறர் பெயரைச் சொல்ல மறுத்து லண்டனுக்குப் போன கார்ல் போர்மன். மற்றவர், பிரான்சில் வாழ்ந்துகொண்டிருந்த வில்சன். இருவருடைய பெயரையும் திரையில் இடுவதற்கில்லை. எனவே, பிரெஞ்சு மொழியில் நாவல் எழுதிய பூலின் பெயரே ஆங்கிலத் திரைக்கதைக்கும் இடப்பட்டது. படத்தைத் தயாரித்த சாம் ஸ்பீகல், தாமே முன்னைய படங்களில் எஸ். பி. ஈகிள் என்ற வேடப்பெயரில் உலாவியவர் என்பதை நினைக்கும்போது சிரிப்பு வருகின்றது. விழாவுக்குப் பூல் வரவில்லை. அவர் சார்பில் வேறொருவர் பரிசைப் பெற்றுக்கொண்டார். மண்டபத்தில் இருந்தோருட் பலருக்கு உண்மை தெரியும் அல்லது ஊகம் உண்டு, கைதட்டலுக்குக் குறைவில்லை.

அப்படத்தில் விடுபட்ட பெயர்கள் வேறும் உண்டு. ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா மரண இரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆனால் அப்பாதையில் ஓட்டிச் செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளரின் தொகை இலட்சத்தைத் தாண்டியது; மாண்டோர் கைதிகளிலும் பன்மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவர்களுள் அடங்குவர். ஏழு பரிசு பெற்ற அந்தக் கதையில் அவர்களுக்கு இடமில்லை. எழுத்தாளர் இருவருடைய பெயரை மறைத்தது ஒரு சட்டம். இவர்களுடைய பெயரை மறைப்பதற்கோ சட்டமும் தேவைப்படவில்லை.

கழகத்தின் விதி இரண்டு வருடமே நின்றது. 'த டிபையன்ட் வன்ஸ்' படத்தை எழுதிய இருவருள் ஒருவரான நெட்ரிக் யங் பட்டியலில் உள்ளவரென்பது வெளியாகியதும், மீண்டும் ஓர் அவமானத்துக்கு அஞ்சி, 1959 ஜனவரியில் கழகம் விதியை நீக்கியது. மனச்சாட்சி விழித்தது என்பதைவிட, நகைப்புக்கிடமாவதற்கு அஞ்சினார்கள் என்பதே பொருந்தும். ட்ரம்போ தாமே றொபேர்ட் ரிச் என்று அதே மாதம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சிலை அவர் கைக்கு 1975 இல் வந்தது. மறு வருடம் இறந்தார். 'ரோமன் ஹொலிடே'க்கான பரிசு 1993 இல் அவருடைய மனைவியிடம் கொடுக்கப்பட்டது. வில்சன் 1978 இலும் போர்மன் 1984 இலும் காலமானார்கள். அதன் பின்னரே, 1985 மார்ச்சில், தனியாக நடந்த ஒரு நிகழ்ச்சியில், குவாய் நதிப் பாலத்துக்கான பரிசை இருவருடைய விதவைகளும் பெற்றார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்தையும் பார்க்கவேண்டும். 1952 இல் விசாரணைக் குழுவின் முன்னே பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர் நெறியாளர் இலியா கசான். அவருடைய 'ஒன் த வோட்டர்பிரன்ட்' 1955 இல் எட்டு ஒஸ்கார்களைப் பெற்றது. 1999 இல் அவருடைய வாழ்நாட் சேவைக்கு ஒரு சிறப்புப் பரிசு வழங்கக் கழகம் முடிவுசெய்தபோது பெரிய விவாதம் மூண்டது. விழா மண்டபத்தில் சிலர் எழுந்து நின்று கைதட்டினர். சிலர் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர். கலையையும் மனிதனையும் வேறாகப் பார்க்க வேண்டுமென்றனர் ஒரு சாரார். அவரால் வேலையிழந்தோரை மறக்கலாகாதென்றனர் மறு சாரார்.

என் எண்ணத்தைச் சொல்வதானால், கசானுக்குப் பரிசு கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. படங்கள் அவர் நெறிப்படுத்தியவையே, பெயரும் அவருடையதே. கலையை மனிதனிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டுமென்ற அந்த நல்ல நியாயம் 1999 இல் கசானுக்குக் கிடைத்தது. 1957 இல் வில்சன் அதே நியாயத்தை எதிர்பார்த்து நின்றபோது, அதே கழகம் அதனை அறியவில்லை. கைகட்டி அமர்ந்திருந்த நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: அன்றைய மௌனத்தால் அவர்களுக்கு எந்த நட்டமும் வந்திராது. 1947 இல் விமானமேறியவர்களுக்கு வந்திருக்கும். வருமென்று தெரிந்ததும் அவர்களிற் சிலர் இறங்கிக்கொண்டார்கள்.

இப்பொழுது கழகத்தின் பதிவேட்டில், 1957 ஆம் ஆண்டுப் படங்களுள் தழுவல் திரைக்கதைக்கான பரிசுக்கு நேரே மூன்று பெயர்கள் இருக்கின்றன. புதுப்பிக்கப்பட்ட படப்பிரதிகளிலும் போர்மன், வில்சன் ஆகியோரின் பெயர்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அதே ஸ்பீகல் தயாரித்த 'லோரன்ஸ் ஒப் அரேபியா'வுக்காக வில்சன் செய்த வேலைக்கு உரிய பரிந்துரையைக் கழகம் ஏற்றுக்கொண்டது 1995 இல். அவர் இறந்து அப்போது பதினேழு வருடங்களாகியிருந்தன.