மழை ஒரு பக்கம், நங்கூரம் மறுபக்கம்

ஹவாய்த் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. கோடையில் அநேகமாக நாள் தவறாது. குளிர்காலத்தில்தான் விட்டுவிட்டு வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெறுங்கடலைக் கடந்து ஈரம் சுமந்து வரும் இந்தக் காற்று, எரிமலைகள் எழுப்பிய மலைச்சுவரில் மோதி மேலேறி, குளிர்ந்து, அங்கேயே மழையாக இறங்கிவிடுகிறது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மழை அல்ல. வெயிலுக்கு நடுவே வந்து வந்து போகும் சாரல். ஆனால் ஓயாத சாரல். கவாயித் தீவின் வையலியாலே மலையில் ஆண்டு மழை 9,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஹவாய்ப் பெருந்தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஹீலோவில் 3,000-க்கு மேல். அதே தீவின் வடமேற்கில், மலைக்கு மறைவாகக் கிடக்கும் கவைஹாயேயில் 250 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. கடலில் இந்தக் கணக்கு தலைகீழ். மழை பெறும் கரையில் அலை அடங்குவதில்லை, படகு ஒதுங்க இடம் கிடைப்பதில்லை. வறண்ட கரையிலோ மலையே காற்றை மறித்துக் கடலைச் சாந்தப்படுத்தி வைக்கிறது. தண்ணீர் ஒரு பக்கம், நங்கூரம் போட இடம் மறுபக்கம். இந்தத் தீவுகளின் கடந்த 250 ஆண்டு வரலாற்றில் கணிசமான பகுதி, காற்று பிரித்துவைத்த இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்க்க நடந்த முயற்சிதான் என்பது என் வாதம். காற்று அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒரே திசையில்தான் வீசுகிறது. எந்தக் கரை நல்ல கரை என்பதை மட்டும் ஒவ்வொரு காலத்தின் தேவையும் புதிதாகத் தீர்மானித்தது.

ஐரோப்பியர் வருமுன் விடை எளிது என்று தோன்றும். ஹவாய் மக்களின் முதன்மை உணவு சேப்பங்கிழங்கு. நெல்வயல் போல் வரப்பு கட்டி, ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, தண்ணீர் நிறுத்திப் பயிரிடுவார்கள். வைப்பியோ போன்ற காற்று முகப் பள்ளத்தாக்குகள் இதற்கென்றே அமைந்தவை. மழை மறைவுப் பகுதிகளில் வள்ளிக்கிழங்குதான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அப்படியானால் அதிகாரம் ஈரக் கரையில்தானே குவிந்திருக்க வேண்டும்? இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் வந்தபோது பெருந்தீவின் அரச மையங்கள் பல மேற்கே, கோனா கரையில் இருந்தன. பிற்காலத்தில் தீவுகள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த கமேஹமேஹா பிறந்தது அதே தீவின் வடமுனையான கோஹாலாவில். தொல்லியலாளர் பேட்ரிக் கிர்ச் இதற்குச் சொல்லும் விளக்கம் எனக்கு ஏற்புடையது. நீர்ப்பாசனம் நிலைத்த கவாயியிலும் ஓவாஹுவிலும் உபரி உறுதியாகக் கிடைத்தது. மானாவாரியை நம்பிய பெருந்தீவிலும் மௌயியிலும் ஆள் உழைப்பு கூடக்கூட விளைச்சல் எட்டாமல் போக, தலைவர்கள் அண்டை நிலத்தின் மீது படையெடுக்கத் தொடங்கினார்கள். அதாவது வறண்ட கரை வலுத்ததற்கும் காரணம் அதன் வறட்சியே. ஆகவே இந்த மறுப்பு வாதத்தை வீழ்த்தவில்லை. மழை அதிகமென்றால் அதிகாரமும் அதிகம் என்ற சோம்பேறிச் சமன்பாட்டை மட்டுமே தள்ளுகிறது.

அந்தப் படையெடுப்புகளுக்குக் கடல் விதித்த எல்லையையும் கவனிக்க வேண்டும். தீவுகளுக்கு இடையிலுள்ள நீரிணைகளில் காற்று இரு மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு வேகம் பிடிக்கிறது. மௌயியின் ஹலேயாகலா மலைக்கும் பெருந்தீவின் மலைகளுக்கும் இடைப்பட்ட அலெனுஇஹாஹா நீரிணை இன்றைய மாலுமிகளுக்கும் அச்சம் தருவது. 1795-இல் ஓவாஹுவை வென்ற கமேஹமேஹா, மறு ஆண்டே கவாயி மீது தோணிப்படையோடு புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல் அகன்ற அந்த நீரிணையில் காற்றும் அலையும் தோணிகளை மூழ்கடிக்க, படை திரும்பியது. 1804-இல் மீண்டும் திரட்டிய படையைக் கொள்ளைநோய் அழித்தது. கவாயி இறுதியில் 1810-இல் பேச்சுவார்த்தையால்தான் இணைந்தது. நோயை விட்டுவிட்டுக் காற்றுக்கே முழுப் பெருமையும் தருவது நியாயமில்லை. ஆனால் மற்றத் தீவுகளெல்லாம் போரால் பணிய, கவாயி மட்டும் உடன்பாட்டால் சேர்ந்ததில் அந்தக் கடலுக்குப் பங்கு உண்டு.

பாய்மரக் கப்பல்கள் வந்ததும் கணக்கு மாறியது. 1778 நவம்பரில் மௌயிக்கு அப்பால் வந்து சேர்ந்த குக், பெருந்தீவைச் சுற்றி வாரக்கணக்கில் அலைந்த பிறகே 1779 ஜனவரியில் கேயலகேகுவா வளைகுடாவில் நங்கூரம் போட்டார். காற்றுக்கு மறைவான இடம் அது. (பிப்ரவரியில் அங்கிருந்து கிளம்பியவரைப் புயற்காற்று பாய்மரத்தை முறித்துத் திருப்பி அனுப்பியது, அதே வளைகுடாவில் 14-ஆம் தேதி கொல்லப்பட்டார். குளிர்காலத்தில் மறைவுக் கரையும் முழுப் பாதுகாப்பல்ல.) அதன்பின் வந்த சந்தன வணிகரும் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் நாடியது பெரும்பாலும் மலை மறைவிலுள்ள இடங்களையே: மௌயியில் லஹைனா, ஓவாஹுவில் ஹோனலுலு. 1846-இல் லஹைனாவுக்கு வந்த வேட்டைக் கப்பல்கள் 400-ஐத் தாண்டின. தலைநகரும் 1845-இல் லஹைனாவிலிருந்து ஹோனலுலுவுக்கு மாறியது. ஒரு மறைவுக் கரையிலிருந்து இன்னொன்றுக்கு!

ஹோனலுலுவின் எழுச்சிக்குக் காரணம் காற்று அல்ல, பவளப்பாறையில் அமைந்த வழிதான் என்று கடல்வழி வரலாறு அறிந்தவர்கள் சொல்லலாம். சரியான மறுப்பு. ஆனால் அந்த வழி எப்படி உண்டானது? நன்னீர் கலக்கும் இடத்தில் பவளம் வளர்வதில்லை. நுவுவானு பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் ஓடைதான் அங்கே பவளத்தை வளரவிடாமல் தடுத்துக் கப்பல் நுழைய இடைவெளி வைத்தது. அந்த ஓடைக்குத் தண்ணீர் தந்தது கூலாவ் மலை முகட்டில் விழும் வியாபாரக் காற்றின் மழை. முகட்டின் மழை இப்பக்கம் வழியும் ஓரிடத்தில் நங்கூரமும் நன்னீரும் தற்செயலாகக் கூடின. நகரம் அங்கேதான் வளர்ந்தது. எதிர்ச்சான்றாக ஹீலோவைக் காட்டுவோரும் உண்டு: காற்று முகத்தில் இருந்தும் துறைமுகம் ஆயிற்றே? ஆயிற்று, 1908-இல் தொடங்கி 1929-இல் முடித்த அலைத்தடுப்புச் சுவரின் துணையோடு. அதற்கு வடக்கே ஹமாகுவா கரையில் அதுவும் கைகூடவில்லை. பாசனம் இல்லாமலே கரும்பு விளைந்த நிலம். ஆனால் கீழே செங்குத்துப் பாறையும் கொந்தளிக்கும் கடலும். பாறை உச்சியிலிருந்து இரும்புக் கம்பிவடம் கட்டி, சர்க்கரை மூட்டைகளை அதில் தொங்கவிட்டுக் கப்பலுக்கு இறக்கினார்கள்.

கரும்புதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். அமெரிக்கா ஹவாய்ச் சர்க்கரைக்குச் சுங்கத்தை நீக்கிய உடன்படிக்கை 1875-இல் கையெழுத்தாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கரும்புக்கு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். மழை முகக் கரையில் மேகம் வெயிலை மறைக்கிறது; மறைவுக் கரையில் வெயில் கொட்டிக்கிடக்கிறது, தண்ணீர் இல்லை. சாமுவேல் அலெக்சாண்டரும் ஹென்றி பால்ட்வினும் கிழக்கு மௌயியின் ஓடைகளை நடு மௌயியின் வறண்ட சமவெளிக்குத் திருப்ப 1876-இல் உரிமம் பெற்றார்கள். நிபந்தனை கடுமை: இரண்டே ஆண்டுகளில் முடிக்க வேண்டும். ஆலை உருளையில் சிக்கி ஒரு கையை இழந்திருந்த பால்ட்வின், மாலிகோ பள்ளத்தில் தொழிலாளர் இறங்கத் தயங்கியபோது மிச்சமிருந்த ஒற்றைக் கையால் கயிற்றைப் பற்றி இறங்கிக் காட்டினார் என்பது அந்தக் கால்வாயைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. துணிச்சலைக் கொண்டாடும் இந்தக் கதைகள் ஒன்றைச் சொல்வதில்லை: திருப்பிய ஓடைகளின் கீழே சேம்பு வயல்கள் இருந்தன. 1878-இல் கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸ் என்ற சான் பிரான்சிஸ்கோ சர்க்கரை வணிகர் எஞ்சிய நீரைக் குத்தகைக்குக் கேட்டார். மன்னர் கலாகவுவாவின் அமைச்சரவை நீக்கப்பட்டது, குத்தகை கிடைத்தது, மன்னருக்கு அவர் கடனும் கொடுத்தார். ஓவாஹுவில் 1913 முதல் 1916 வரை கூலாவ் மலையையே நான்கு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து வையாஹோலே சுரங்க வாய்க்காலை அமைத்தார்கள். மழைமுகப் பக்கத்திலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில் மறுபக்கம் போயிற்று. வானம் பிரித்ததை டைனமைட் சேர்த்துவைத்தது.

இத்தனையும் காற்றின் விதி என்றால் மனிதர் செய்த அநியாயத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்கலாம். இந்த மறுப்புக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். காற்று ஒரு சிக்கலை வைத்தது, தீர்வை வைக்கவில்லை. பழைய ஹவாயில் மலைமுகடு முதல் கடல்வரை நீளும் நிலத்துண்டுகளில் ஓடை கடலுக்குப் போகும் வழியிலேயே பகிரப்பட்டது. 1848-இன் நிலப்பங்கீட்டுக்குப் பின் நிலம் தனிச்சொத்தாயிற்று, தண்ணீரும் அப்படியே நடத்தப்பட்டது. இது சட்டம் எடுத்த முடிவு என்பதற்குச் சான்று, பின்னாளில் சட்டமே அதை மாற்றியதுதான். 1973-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஓடை நீர் மக்களுக்காக அரசு காக்கும் சொத்து என்றது. ஓவாஹு சர்க்கரை நிறுவனம் 1995-இல் மூடியதும் வையாஹோலே நீர் யாருக்கு என்ற வழக்கு மூண்டது. 2000-இல் வந்த தீர்ப்பு அந்த நிலைப்பாட்டை உறுதிசெய்தது. தண்ணீரில் ஒரு பகுதி மழைமுகப் பக்கத்து ஓடைகளுக்கே திரும்பியது. கிழக்கு மௌயியில் பல ஓடைகளை மீட்கும் உத்தரவு வர 2018 ஆயிற்று. ஹவாயின் கடைசிக் கரும்பாலை அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மூடியிருந்தது.

2023 ஆகஸ்ட் 8-இல் லஹைனா எரிந்தபோது பழி முதலில் காற்றின் மேல்தான் விழுந்தது. வடக்கே உயரழுத்தம், தெற்கே வெகுதொலைவில் டோரா சூறாவளி; மேற்கு மௌயி மலைச்சரிவில் இறங்கிய காற்று அசாதாரண வேகத்தில் வீசியது உண்மை. நூறு பேருக்கு மேல் மாண்டனர். ஆனால் அதே மலையின் உச்சியில், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், உலகின் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று இருக்கிறது. அந்த நீரால் லஹைனாவில் ஒரு காலத்தில் சேம்பு வயல்களும், நடுவே அரசரின் தீவு அமைந்த ஒரு குளமும் இருந்தன. ஓடைகள் கரும்புக்குத் திரும்பின, குளத்தை மண்ணிட்டு நிரப்பினார்கள், 1999-இல் பயனியர் ஆலை மூடியபின் தோட்ட நிலங்களில் காய்ந்த அந்நியப் புல் மண்டியது. தீ பரவியது அந்தப் புல்லில். மேற்கு மௌயியின் நீரை மாநில ஆணையம் நேரடிக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது 2022-இல்; யாருக்கு எவ்வளவு என்பதற்கான விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருக்கும்போதே நகரம் எரிந்தது.