ஸ்காட்லாந்துக் குலச் சங்கங்களின் சின்னங்கள்

ஸ்காட்லாந்தில் ஒரே குலத்தைச் சேர்ந்தோர் அமைத்த சங்கங்களும் அவற்றின் உறுப்பினர்களும் பயன்படுத்தும் மரபுச் சின்னங்கள். இவை இரு வகைப்படும்: தனி ஒருவருக்கோ ஓர் அமைப்புக்கோ மட்டும் உரிய கேடயச் சின்னம், குலத்தார் எல்லோரும் அணியக்கூடிய பதக்கம்.

சட்டப் பின்னணி

கேடயத்தில் உருவம் தீட்டிப் போர்வீரரை அடையாளம் காட்டும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் பரவியது. பின்னர் அவ்வுருவங்கள் முத்திரைகளிலும் கல்லறைகளிலும் ஏறி, தலைமுறை தலைமுறையாக இறங்கும் சொத்தாயின. ஸ்காட்லாந்தில் அவற்றை நெறிப்படுத்துபவர் லார்ட் லயன் என்னும் அரச அதிகாரி. உரிமையின்றிச் சின்னம் பொறித்தவரைத் தண்டிக்க 1592ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்தது. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய பொதுப் பதிவேடு எடின்பரோவில் இன்றும் எழுதப்பட்டு வருகிறது. தந்தையின் சின்னம் மாற்றமின்றி வாரிசுக்கே சேரும். மற்றப் பிள்ளைகள் வேறுபாட்டுக் குறி சேர்த்துத் தம் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும்.

சங்கங்களின் வளர்ச்சி

கிளாஸ்கோவில் 1725இல் தோன்றிய புக்கானன் சங்கம், அப்பெயர் கொண்ட ஏழைகளுக்கு உதவும் அறச்சங்கமாகவே செயல்பட்டது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் மரபுக்காகக் கிளர்ந்தெழுந்த யாக்கோபியர் கலோடன் போரில் தோற்ற பிறகு, 1746ஆம் ஆண்டுச் சட்டம் குலங்கள் வாழ்ந்த ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆடவரின் மரபுடையைத் தடை செய்தது. அத்தடை 1782இல்தான் நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வகுத்த விழாக்களில் குலத் தலைவர்கள் மரபுடையில் அணிவகுத்தனர். மக்ரெகர் குலச் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டும் பிழைப்புத் தேடியும் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா சென்றவர்களின் வழியில் இச்சங்கங்கள் கடல் கடந்தும் வேரூன்றின.

பதக்கம்

தலைவரின் கேடயத்தைக் குலத்தார் பயன்படுத்தக் கூடாது. அவருடைய தலைக்கவசத்தின் மேல் அமையும் உச்சிச் சின்னத்தை மட்டும், கொக்கியிட்ட வார்ப்பட்டை சூழ, தொப்பியில் அணியலாம். பட்டையில் தலைவரின் முழக்கம் இருக்கும். அணிபவர் சின்னத்துக்கு உரியவர் அல்லர், தலைவரைப் பின்பற்றுபவர் என்பதை அந்த வார்ப்பட்டையே சொல்லிவிடும். தலைவர் அணியும்போது வார்ப்பட்டை இராது. வெறும் வட்டத்தின் பின்னே மூன்று கழுகிறகுகள் நிற்கும். கிளைத் தலைவருக்கு இரண்டு இறகு, சொந்தச் சின்னம் பதிந்தவருக்கு ஒன்று.

மக்ரெகர் பதக்கத்தில் இருப்பது முடி சூடிய சிங்கத் தலை. தம் குலம் அரச குலம் என்று ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் முழங்குகிறது அதன் வாசகம். 1603இல் இக்குலப்பெயரைத் தாங்குவதே குற்றமாக்கப்பட்டது. இடையில் சில காலம் தளர்ந்த தடை, 1774இல் முற்றிலும் நீங்கியது. பெயரையே இழந்திருந்த மக்களின் வழிவந்தோர்க்கு இப்பதக்கம் வெறும் அணிகலன் அல்ல.

இன்றைய நடைமுறை

குடும்பப்பெயரைச் சொன்னால் அதற்குரிய ‘குடும்பச் சின்னம்’ என்று அச்சிட்டு விற்கும் கடைகள் பல. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. கடையில் தருவது பெரும்பாலும் வேறொருவரின் சொத்து. முறைப்படி அமைந்த சங்கம் தனக்கென ஒரு கேடயத்தை லார்ட் லயனிடம் விண்ணப்பித்துப் பெறலாம். அதுவும் சங்கத்துக்கே உரியது, உறுப்பினருக்கு அல்ல. அவர் சொந்தமாக ஒன்றை விரும்பினால், தகுதியிருப்பின் தனியே விண்ணப்பிக்கலாம். பதக்கம் அணிய விண்ணப்பமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். எளியவரும் தலைவரோடு ஒரே அடையாளத்தின் கீழ் நிற்க இடம் தருவதே இம்மரபின் சிறப்பு.