ஊட்டி சர்ச்சும் திப்புவின் உத்திரங்களும்

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து கிராமப் படங்களில் மரங்களுக்கு நடுவே ஒரு குட்டி கோதிக் தேவாலயம் நிற்குமே, அதைப் போலவே ஒன்று நம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஊட்டியில் உள்ள புனித ஸ்டீபன் தேவாலயம்தான் அது. வெளிர் மஞ்சள் சுவர், சதுரக் கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் என்று பார்த்தால் கப்பலில் வந்து இறங்கிய கட்டிடம் போலவே தோன்றும். ஆனால் கூரையைத் தாங்கும் உத்திரங்களின் கதையே வேறு!

சென்னை மாகாண கவர்னர் ஸ்டீபன் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டினார். (தேவாலயத்துக்கும் ஸ்டீபன், கவர்னருக்கும் ஸ்டீபன். தற்செயலா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.) கட்டியவர் கேப்டன் அண்டர்வுட். 1830 நவம்பர் 5 அன்று கல்கத்தா பிஷப் டர்னர் அதைப் பிரதிஷ்டை செய்தார்.

பெரிய உத்திரங்களுக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து! திப்பு நம் திருவண்ணாமலைக்கும் அந்நியர் அல்ல; மூன்றாம் மைசூர்ப் போரில் இந்த ஊரையும் பிடித்தவர். 1799 மே 4 அன்று அவர் கோட்டையிலேயே போரிட்டு இறந்தார். முப்பது வருடம் கழித்து அவருடைய அரண்மனை மரங்களை யானைகள் மலைமேல் இழுத்து வந்தன. இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காமர்ஸ் பாஷையில் சொன்னால், தோற்றவரின் சொத்தைக் கழற்றி ஜெயித்தவரின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். மலை ஏறிய யானைகளைப் பற்றிப் பேசுகிறோம், அவற்றை ஓட்டி வந்த பாகன்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மரத்துக்குத்தான் இந்தக் கதை என்றால், மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. ஊட்டி தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளி. அந்த நிலம் அவர்களுக்கே உரியது என்று வாதாடியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியை உருவாக்கியவரும் அவரே. லஷிங்டன் இதை ஏற்கவில்லை. இருவருக்கும் கடைசி வரை ஒத்துப் போகவில்லை.

அடிக்கல் நாட்டிய பெருமை லஷிங்டனுக்குப் போனது. அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் உறங்குவதோ சல்லிவனின் மனைவியும் மகளும். சல்லிவன் 1841இல் இங்கிலாந்து திரும்பி, 1855இல் அங்கேயே இறந்தார்.