செஞ்சி வெயிலும் மின்வாரியக் கணக்கும்

செஞ்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரைச் சூழ்ந்து நிற்கும் மூன்று பாறை மலைகளும் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் ஊருக்குள் இறக்கிவிடும். அதனால் மாடியில் சோலார் போடலாமா என்ற பேச்சு இங்கே எழுந்தால் அது வெயிலில்தான் தொடங்கும். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி நாலு யூனிட் கிடைக்கும், பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்று விற்க வருகிறவர் சொல்வதில் பொய் கிடையாது. ஆனால் இந்தச் சீமையின் பழைய கணக்குகளைப் புரட்டினால் வேறொன்று புலப்படுகிறது. தண்ணீர் இறைக்கவும் நெல் அரைக்கவும் விளக்கெரிக்கவும் எந்தச் சக்தியைக் கைக்கொள்வது என்பதை இங்கே வெயிலும் மழையும் தீர்மானித்ததைவிட, அதன் விலையை யார் சுமப்பது என்ற ஏற்பாடே அதிகம் தீர்மானித்திருக்கிறது. சோலாருக்கும் அதே கதிதான்.

வெயிலை நம்பிய தொழில் விழுப்புரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலைக் கொண்டே உப்பு எடுக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்து நெல் அவியலும் அப்படித்தான்: அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, காலால் தள்ளித் தள்ளிப் புரட்டி, மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் மூடி, மறுபடி பரப்பிக் காயவைத்தால்தான் அரவைக்குப் போகும். வெயிலுக்குக் கட்டணம் இல்லையே தவிர, அதை வேலை வாங்க இடமும் ஆளும் வேண்டும். கூலி ஏறியபோது களம் சுருங்கியது, உலர்த்தும் இயந்திரம் வந்தது. கிணற்றடியிலும் நடந்தது இதுதான். பாறையை உடைத்துத் தோண்டிய திறந்த கிணறுகளில் கவலை ஓட்டினார்கள். சாலும் வடமும் தோல் தும்பியும் ஒரு சோடி மாடும் ஒரு ஆளும் காலையிலிருந்து உச்சி வரைக்கும் பாடுபட்டு நனைப்பது சிறு துண்டு நிலம். மாட்டுக்குத் தீனி வருஷம் முழுக்கப் போடவேண்டும். இந்தச் செலவுக் கணக்கைத்தான் மின்மோட்டார் உடைத்தது.

மின்சாரம் இந்தப் பக்கம் வந்ததே தூரத்து மலைகளிலிருந்து. 1932-ல் நீலகிரியில் பைக்காரா, 1937-ல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் எழுந்தன. மேட்டூர்க் கம்பிகள் வட, தென் ஆர்க்காட்டு ஊர்களை நோக்கி நீண்டன. 1957-ல் மாநில மின்வாரியம் அமைந்தது. 1962-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பழைய தென் ஆர்க்காடு மாவட்டத்தின் மண்ணுக்கடியில் கிடந்த கரியே அந்த மாவட்டத்தின் மோட்டார்களை ஓட்டத் தொடங்கியது. காமராசர் காலத்தில் கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதில் சென்னை மாநிலம் மற்ற மாநிலங்களை முந்தியது. அப்போது யாரும் கம்பிவழி மின்சாரம் நல்லதா, கெட்டதா என்று விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. கவலை மாட்டுக்கு ஆகிற செலவைவிட யூனிட்டுக் கட்டணம் குறைவு என்று தெரிந்ததும் மாட்டை விற்றுவிட்டு மோட்டார் வாங்கினார்கள்.

கட்டணம் ஏறியபோது அதே உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1970 ஜூனில் கோவைப் பகுதியின் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் சங்கம் பத்தாண்டுக்கு மேல் போராடியது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதை விரித்தது. இன்று மாநிலம் முழுக்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பாசன இணைப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. இது வேண்டாத சலுகை என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். செஞ்சி வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் கிணற்றை நம்பித்தான் விளைகின்றன, காவிரிப் பாசனம் இங்கே எட்டாது. அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டே இதையும் சொல்லவேண்டும்: விலையே இல்லாத ஒன்றோடு எந்தச் சக்தியும் போட்டிபோட முடியாது. அதனால்தான் அரசு 60 சதவீத மானியம் தந்தும், ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு விவசாயிகளுக்கு அதைவிடக் கூடுதலாகத் தந்தும், சோலார் பம்புசெட்டைப் பெரும்பாலும் இலவச இணைப்புக்கு மனுப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்தான் தேடிப்போகிறார். ஏற்கெனவே இணைப்பு உள்ளவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கணக்கில் தப்பில்லை.

வீட்டு விஷயத்தில் அரசின் இரண்டு கைகளும் எதிரெதிராக வேலை செய்தன. 2011-ல் ஜெயலலிதா அரசு சூரிய சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றிலும் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். அடுத்த ஆண்டே சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொட்டது. இன்வெர்ட்டரும் பேட்டரியும் இல்லாத கடை நடத்தமுடியாத நிலை. 2012 அக்டோபரில் வெளியான சூரிய மின்சக்திக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. குறித்த காலத்தில் அந்த இலக்கு கைகூடவில்லை. மின்வெட்டு தணிந்த பிறகு, 2016 மேயில், எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆணை வந்தது. ஐந்து விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடு அந்த நூறிலேயே பெருமளவு அடங்கிவிடும். எந்த வீட்டுக்குச் சோலாரை முதலில் கொண்டுபோனார்களோ அந்த வீட்டுக்கே அது தேவையற்றதாகிப் போனது. மானியத்தில் வந்த பலகை பழுதானால் செலவழித்துச் சரிசெய்ய அங்கே யாருக்கு என்ன லாபம்?

இப்போதைய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு வரும் பில் 235 ரூபாய்தான், ஆண்டுக்குச் சுமார் 1,400. அந்த வீட்டில் ஒரு கிலோவாட் போட்டால் மானியம் போக 35,000 முதல் 40,000 வரை கையிலிருந்து போகும். போட்ட முதல் திரும்புவதற்குள் பலகையின் ஆயுளே முடிந்துவிடும். இரண்டு ஏசி ஓடி, இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் எரிக்கும் வீட்டின் கதை வேறு. 2024 ஜூலைக் கட்டணப்படி அந்த வீட்டு பில் 5,900 ரூபாயை ஒட்டி வரும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறி, ஆயிரத்தைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 11.80 ரூபாய். மூன்று கிலோவாட் அமைப்பு இரண்டு மாதத்தில் 700 யூனிட்டைக் கழித்துவிட்டால், மிஞ்சும் பில் சில நூறு ரூபாய். கழிவது முழுக்க விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகள். ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் அமைப்பில் மானியம் போக மிச்சச் செலவு நாலைந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். இரண்டு வீட்டின்மீதும் காய்வது ஒரே வெயில்தான்.

கட்டணம் இப்படியே இருக்குமா, இலவசத்தை நாளைக்கு நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-ல் வீடுகளுக்கு, கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் அப்படியே கழிக்கும் நெட் மீட்டரிங் போய் நெட் ஃபீட்-இன் வந்தது. எடுத்த யூனிட்டுக்கு முழு விலை, கொடுத்த யூனிட்டுக்குக் குறைந்த விலை. 2021 அக்டோபரில் ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு நெட் மீட்டரிங்கைத் திருப்பித் தந்தது. இரண்டரை ஆண்டில் இரண்டு விதி. ஆகவே மாற்றம் எந்தப் பக்கமும் வரலாம், சோலார் போட்டவருக்குச் சாதகமாக மட்டுமே வரும் என்று நம்ப இடமில்லை. ஆனால் 1990-க்குப் பிறகு பாசன இலவசத்தில் ஜெயலலிதா அரசு 2003-ல் கை வைத்தது, 2004-லேயே அதைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. 2016-லிருந்து நூறு யூனிட்டில் எந்த ஆட்சியும் கை வைக்கவில்லை. கட்டண உயர்வெல்லாம் மேல்படிக்காரர் தலையிலும் கடை, ஆலைகள் தலையிலும்தான் அதிகம் விழுந்திருக்கிறது. வரலாற்றை வைத்துப் பந்தயம் கட்டுவதானால், நூறு யூனிட் வீடு பொறுத்திருப்பதும், தொள்ளாயிரம் யூனிட் வீடு இன்றே மனுப்போடுவதும்தான் புத்தி.

இன்னொரு வாதம், கரண்ட் போனாலும் நம் வீட்டில் எரியுமே என்பது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிரிட்டோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்ற நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலைபார்க்கும் மின்வாரிய ஊழியர்மீது நம் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, மாவட்டமே இருளில் கிடந்ததுபோல் ஒரு நாள் மறுபடி வந்தால், பேட்டரி இல்லாத சோலார் வீடும் பக்கத்து வீட்டைப்போல் இருட்டில்தான் கிடக்கும். முற்றுகையில் தாக்குப்பிடிப்பதற்குச் சேமிப்பு வேண்டும் என்பதற்குச் செஞ்சியைவிட நல்ல சான்று எங்கே இருக்கிறது? 1690-லிருந்து 1698 வரை முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை வளைத்துக் கிடந்தார். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். சுனைகளும் சக்கரக்குளமும் களஞ்சியங்களும் கோட்டைக்குள் இருந்தன. வெளியே இருந்த படைக்கோ தானியம் தினசரி வந்துசேரவேண்டும். மராட்டியக் குதிரைப்படை அந்த வழியை அறுத்ததும் 1693 தொடக்கத்தில் முற்றுகையிட்டவர்களே வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மின்வெட்டுக்குப் பயந்து சோலார் போடுகிறவர் பேட்டரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கவேண்டும், சில ஆண்டுக்கொருமுறை அதை மாற்றவும் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும்.

எல்லாவற்றையும் ரூபாயில் அளக்கலாமா, நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் இழந்ததை எந்த பில்லில் காட்டுவது என்ற மறுப்பு கனமானது. 2023-ல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லின்மேல் இயந்திரம் ஏறியதை நாடே பார்த்தது. மலிவு மின்சாரத்தின் விலையை யாரோ ஒருவர் கட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் அந்தக் கடனைத் தீர்க்கவேண்டியது இரண்டு விளக்கு எரிக்கும் வீடல்ல. அதிகம் எரிப்பவரும், பகலில் எரிப்பவரும்தான் முன்வரவேண்டும். செஞ்சியில் அது அரிசி ஆலையும் துணிக்கடையும் மருத்துவமனையும் அரசு அலுவலகங்களும்.

அரிசி ஆலைக்கு மோட்டார் ஓடுவதும் வெயில் காய்வதும் ஒரே நேரம் என்பது பெரிய வசதி. ஆலைக்கும் கடைக்கும் வீட்டு விதி பொருந்தாது, கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலையே கிடைக்கும். அதனால் பகலில் தானே தின்று தீர்க்கிற அளவுக்குமேல் பலகை போடுவது வீண். ஆலைக் கூரையில் உமித்தூசு நாளும் படியும், கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும். கோட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் குரங்கு ஒரு கவலை. பலகைமேல் தாவி விளையாடும், ஒயரைப் பிடித்து இழுக்கும், ஆகவே ஒயரைக் குழாய்க்குள் விடாமல் வேலையை முடிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. வடாம் காயவைக்க மாடி வேண்டும் என்று பலகையை எட்டடி உயரத்தில் நிறுத்துகிறவர்கள் புயல்காற்றையும் நினைத்துக் கால்களை ஊன்றவேண்டும். கோட்டைபோன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதிக் கட்டாயமும் சட்டத்தில் இருக்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் செஞ்சிக் கோட்டையைச் சேர்த்த பிறகு கண்காணிப்பு கூடத்தான் செய்யும். இரும்புச் சட்டம் எழுப்புமுன் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மானியப் பணம் வருஷத்துக்கு வருஷம் ஒதுக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கைச் செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் முதலில் ஒதுக்குமாறு ஆட்சியரிடம் ஊர்க்காரர்கள் மனுக்கொடுக்கலாம். வீட்டுக்குப் போடுகிறவர்கள், கம்பெனிக்காரர் கொண்டுவரும் வண்ணப் படத்தைப் பார்க்குமுன் கடைசி ஆறு பில்லையும் எடுத்து யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாத வீடு அவசரப்பட வேண்டியதில்லை.