கொட்டை யாருக்குப் போகிறது?

அம்மாபேட்டை என்றாலே தறிச்சத்தம்தான். அந்தத் தறிக்கு நூல் வந்த கதையில் நம்ம பெண்கள் கை நிறைய இருக்கிறது. 1925-ல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். மழை பொய்த்தபோது, சுற்று வட்டாரப் பெண்கள் ராட்டையில் நூல் நூற்ற கூலியில்தான் உலை வைத்தார்கள்.

அதற்கும் முன்னால், அரைவை மில் வராத காலத்தில், கொட்டை பிரிப்பதும் வீட்டு வேலைதான். பஞ்சு நூலுக்குப் போகும், கொட்டை வீட்டிலேயே நிற்கும். ஊறவைத்து ஆட்டினால் மாட்டுக்குத் தீனி, பிள்ளைகளுக்குப் பருத்திப்பால். காய்ந்த பருத்திமார் அடுப்புக்கு. இப்போது பருத்தி கொட்டையோடு மூட்டையாகக் கொங்கணாபுரம் ஏலத்துக்குப் போய்விடுகிறது. நூறு கிலோ பருத்தியில் பஞ்சு ஏறக்குறைய 35 கிலோதான், மீதி பெரும்பாலும் கொட்டை! அதில் எண்ணெய் எடுத்துவிட்டு, சக்கையைப் புண்ணாக்கு என்று நமக்கே விற்கிறார்கள். வெயிலில் பருத்தி எடுத்ததும் நாம்தான், புண்ணாக்குக்குக் காசு கொடுப்பதும் நாம்தான். மில்லில் விழும் கழிவுப்பஞ்சுகூட வீணாவதில்லை, முரட்டு நூலாகி விற்பனைக்கு வருகிறது.

ஐஃபாட் உதவியோடு 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, பிறகு நம் சேலத்துக்கும் வந்தன. குழுக் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆளாளுக்குக் கடையில் கிலோ கணக்கில் வாங்காமல், அரைவை மில்லிலேயே கொட்டையை மொத்தமாக எடுத்துப் பங்கு போட்டால் என்ன? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம்.